ஷவர் கேப்புக்குள் ஆறு போன்

1. பூஜ்ஜியம்

சர்வர் ரூம் கதவில் 'ஈரக் காலுடன் உள்ளே வராதீர்கள்' என்று நானே டைப் அடித்து, லேமினேட் செய்து ஒட்டியிருந்தேன். அந்த வியாழக்கிழமை மதியம் கன்னியம்மா ஈரக் காலுடன்தான் உள்ளே வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு கவரை என் கீபோர்டு மேல் போட்டார்.

"இத்த படிச்சிச் சொல்லு சார். இங்கிலீஷ்ல கீது. கூட வேல செய்யற மேரி படிச்சிட்டு ஒண்ணும் சொல்லாம அழுவுறா."

பிரித்துப் பார்த்தேன். ஜி.எம். கையெழுத்து. நாலே வரி.

"இன்னா போட்டுகீது?"

"இந்த மாசத்தோட உங்களுக்கு வேலை முடியுதுன்னு போட்டிருக்கு."

"இன்னாத்துக்கு?"

"மூணு மாசமா நீங்க ஒரு ரூம்கூட கிளீன் பண்ணலன்னு..."

கன்னியம்மா முதலில் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"நானா? ஒரு ரூமுகூட?"

"பூஜ்ஜியம்னு போட்டிருக்கு."

"பதினோரு வருசமா இங்க கக்கூசு கழுவிகினு கீறேன். இந்த ரிசார்ட்டு தொறந்த அன்னிக்கு இந்தக் கையாலதான் கழுவுனேன். பூஜ்ஜியமா? எவன் சொன்னது?"

"சிஸ்டம் சொல்லுது."

"சிஸ்டம்னா யாரு? உன்னத்தான சிஸ்டம் சாருன்றாங்க?"

முப்பத்திரண்டு வருட சர்வீஸில் யாரும் என்னிடம் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை. எழுந்து போய் ஏ.சி.யைக் கொஞ்சம் குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

"வேலைய வுட்டு நிறுத்தறது ஒரு பக்கம் இருக்கட்டும். எங்க ஊரு சட்ராசுல வேற வேலை இன்னா கீது எனக்கு? அத்த அப்புறம் அழுதுக்கறேன். ஆனா பூஜ்ஜியம்னு எழுதிக் குடுத்துட்டாங்களே, அது யாரு வேலை?" என்றார்.

அது என் வேலை. அதைத்தான் சொல்லப்போகிறேன். இப்போது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கம்பெனி கம்பெனியாகப் போய் 'சிஸ்டம் போட்டுத் தருகிறோம்' என்று சொல்லும் பிள்ளைகள் ஒரு பத்து நிமிஷம் ஒதுக்கிப் படித்தால் நல்லது.

2. ஆளுக்கொரு கம்ப்யூட்டர்

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, ஈ.சி.ஆர். மேல், கடலைப் பார்த்த மாதிரி ஒரு ரிசார்ட். அதில் நான் ஐ.டி. மேனேஜராக இருந்தேன். மேனேஜர் என்றால் எனக்குக் கீழே யாரும் கிடையாது. வீடு செங்கல்பட்டில். தினமும் திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் போய் வருவேன். ஹோட்டல் தொழிலில் வைஃபை படுத்தால் மட்டும்தான் ஐ.டி. ஆள் ஞாபகத்துக்கு வருவான். மற்ற நேரத்தில் மாடிப்படிக்குக் கீழே ஒரு ரூமில் கிடப்பான். அது பற்றி எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அந்த ரூமில் ஏ.சி. உண்டு.

அந்த ஏ.சி.தான் எங்கள் பேஸ்ட்ரி மாஸ்டருக்கு என் டிபார்ட்மென்ட் பற்றித் தெரிந்த ஒரே விஷயம். ஒருநாள் காலையில் வந்து பார்த்தால் யு.பி.எஸ். மேல் இரண்டு ட்ரே சாக்லேட் உட்கார்ந்திருந்தது. "அண்ணே, பதினெட்டு டிகிரி, ஈரப்பதமே இல்ல. சாக்லேட்டுக்குன்னே கட்டின மாதிரி இருக்குண்ணே" என்றார் கண் கலங்க. மறுநாள் சர்வருக்குள் எறும்பு போனது. அதை எந்தத் தலைப்பில் புகார் டிக்கெட் போடுவது என்று அரை நாள் யோசித்தேன்.

எலக்ட்ரீஷியன் துலுக்காணத்துக்கு என் ரூம் ஒரு லோடு. அவ்வளவுதான். "அண்ணாத்த, உன் ஒரு பொட்டிக்காக என் ஜெனரேட்டரு டீசல் குடிச்சிகினு கீது. அத்த ஆஃப் பண்ணா இன்னாதான் ஆவும்?" என்று மாதம் ஒருமுறை கேட்பார். ஒருமுறை ஆஃப் பண்ணியும் பார்த்தார். அரை மணி நேரம் யாரும் கவனிக்கவில்லை என்பதை இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார்.

ஹெச்.ஆர். மேடத்துக்கு கம்ப்யூட்டர் முக்காலமும் உணர்ந்தது. ஒரு இடத்தில் ஒரு விஷயத்தை டைப் பண்ணிவிட்டால் உலகத்தில் இருக்கும் எல்லா கம்ப்யூட்டருக்கும் அது தானாகத் தெரிந்துவிடும் என்பது அவர் நம்பிக்கை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

ஃப்ரண்ட் ஆபீஸில், அதாவது ரிசப்ஷனில், இருந்த பிரகாஷுக்கு அது சாட்சி. ரிசப்ஷனுக்கும் ஹவுஸ்கீப்பிங்குக்கும் எந்த ஹோட்டலிலும் ஆகாது. கெஸ்ட் லாபியில் பெட்டியோடு நிற்பார், ரூம் ரெடியாகியிருக்காது, திட்டு வாங்குபவர் ரிசப்ஷன்காரர். முன்பெல்லாம் வாக்கி டாக்கியில் கத்திக்கொள்வார்கள், மாலையில் ஒன்றாக டீ குடிப்பார்கள். ஹவுஸ்கீப்பிங் ஆப் வந்ததும் பிரகாஷ் கத்துவதை விட்டுவிட்டு ஸ்க்ரீன்ஷாட் எடுக்க ஆரம்பித்தான். "சார், ரெண்டு அஞ்சுக்குத்தான் ரெடி போட்டிருக்காங்க. எவிடன்ஸ் இருக்கு." கொலைக் கேஸ் நடத்துகிற வக்கீல் தோற்றுப்போவார்.

ஆறு மாதம் முன்பு வந்த அந்த ஆப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ரூம் சுத்தம் செய்பவர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு போன். ரூமுக்குள் போகும்போது 'ஸ்டார்ட்' அழுத்த வேண்டும், முடித்து வரும்போது 'ரெடி' அழுத்த வேண்டும். எந்த ரூமை யார் எத்தனை நிமிஷத்தில் முடித்தார் என்பது ஜி.எம். அறையில் பெரிய திரையில் தெரியும். சென்னையில் இருக்கும் சேர்மன் போனிலும் தெரியும். சேர்மனுக்கு அது பச்சைக் கோடு. காலையில் காபி குடிக்கும்போது பச்சையாக இருந்தால் திருப்தி. சிவப்பாக இருந்தால் ஜி.எம்.முக்குப் போன் வரும்.

ஜி.எம். வந்து அப்போது நாலு மாதம்தான். பெரிய சிட்டி ஹோட்டலிலிருந்து வந்தவர். ஆளை முகம் பார்த்துத் தெரிந்துகொள்வது பழைய முறை என்பார். திரையில் பார்த்தே எல்லாரையும் தெரிந்து வைத்திருந்தார்.

எனக்கு அது என்னவாக இருந்தது? உண்மையைச் சொல்கிறேன். ரிப்போர்ட் தினமும் வருகிறதா என்று பார்த்தேன். ரிப்போர்ட்டில் என்ன வருகிறது என்று பார்க்கவில்லை. அதற்கு முந்தின வாரம் ஜி.எம். "ஏ பிளாக் ஹவுஸ்கீப்பிங்ல டாப் ஒரு பேர், பாட்டம் ஒரு பேர், மூணு மாசத்துக்கு எடுத்துக் கொடுங்க" என்று மெயில் போட்டார். இரண்டு நிமிஷத்தில் எடுத்து அனுப்பினேன். எதற்கு என்று கேட்கவில்லை. டாப்: ரேவதி. பாட்டம்: கன்னியம்மா.

டாப்புக்கு ஷீல்டு. வெள்ளிக்கிழமை காலை சேர்மன் கையால் கொடுப்பதாக ஏற்பாடு. சர்ப்ரைஸாக இருக்க வேண்டும் என்று ஜி.எம். தானே செங்கல்பட்டுக் கடையில் ஆர்டர் கொடுத்துச் செய்திருந்தார். பாட்டத்துக்கு அந்த லெட்டர்.

3. ஷவர் கேப்

"வாங்க, நீங்க வேலை செய்யறத நான் பாக்கணும்" என்றேன்.

"போனைக் குடுத்து ஆறு மாசமாவுது, இப்பதான் வரியா?" என்றார் கன்னியம்மா. ஆனால் முன்னால் நடந்தார்.

ஏ பிளாக்கில் இருபத்தெட்டு ரூம். அங்கே ஆறு பெண்கள் ஒரு செட்டு. வராந்தாவில் ட்ராலி நின்றிருந்தது. பெட்ஷீட், டவல், சோப்பு, குட்டிக் குட்டி ஷாம்பு. ட்ராலிக் கைப்பிடியில் ஹோட்டல் பாத்ரூமில் கெஸ்ட்டுக்கு வைக்கும் பிளாஸ்டிக் ஷவர் கேப் ஒன்று மூட்டையாக முடிச்சுப் போட்டுத் தொங்கியது.

"அதுல என்ன?"

"போனு சார்" என்றார் மேரி. கோவளத்துப் பெண். பெட்ஷீட் விரிப்பது அவர் வேலை. கண் இன்னும் சிவந்திருந்தது. "தண்ணி பட்டா நீங்க கத்துவீங்கன்னு பத்திரமா கட்டி வச்சிகீறோம்."

"ஆறும் இதுக்குள்ளயா?"

"ஆறும்தான்."

நான் முடிச்சை அவிழ்க்கப் போனேன். மேரி தடுத்தார். "இரு சார். அது கேக்கும்." பிறகு மூட்டைப் பக்கம் குனிந்து சத்தமாக, "நம்ம ஜி.எம். சாரு ரொம்பத் தங்கமானவரு!" என்றார். மற்றவர்கள் "ஆமா ஆமா" என்றார்கள். மேரி என்னை நாலடி தள்ளிக் கூட்டிக்கொண்டு போய், குரலைத் தாழ்த்தி, "கன்னிம்மா அக்காவுக்கு லெட்டரு குடுத்தவன் நல்லா இருப்பானா சார்?" என்றார்.

போன் ஒட்டுக்கேட்கிறது என்று யார் சொன்னார்கள் என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லையாம். ஓசியில் ஒருத்தருக்குப் போன் கொடுத்தால் வேறெதற்குக் கொடுப்பார்கள் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். நான் கொடுத்த ட்ரெயினிங்கில் நாற்பது ஸ்லைடு இருந்தது. இந்தக் கேள்விக்கு அதில் ஒரு ஸ்லைடும் இல்லை.

அப்புறம் அரை மணி நேரம் நின்று பார்த்தேன். எங்கள் ஆப் செய்த கம்பெனிக்காரர்கள் நினைத்தது, ஒரு ஆள் ஒரு ரூமுக்குள் போவார், எல்லாவற்றையும் முடிப்பார், அடுத்த ரூமுக்குப் போவார் என்று. நானும் தலையாட்டினேன். இங்கே அப்படி யாருமே வேலை செய்யவில்லை. இரண்டு பேர் பெட்ஷீட். ஒருத்தர் இந்தப் பக்கம், ஒருத்தர் அந்தப் பக்கம், ஒரே உதறலில் விழும். இரண்டு பேர் தரையும் தூசியும் கண்ணாடிக் கதவும். ஒருத்தர் டவல், சோப்பு, குப்பை. கன்னியம்மா பாத்ரூம். இருபத்தெட்டு ரூமுக்கும் பாத்ரூம் அவர்தான். ஒரு ரூமுக்குள் ஆறு பேரும் வருவார்கள், போவார்கள். யார் எப்போது தொடங்கினார், யார் முடித்தார் என்று கேட்டால் அந்தக் கடவுளுக்கே தெரியாது.

கடற்கரை ஹோட்டலில் பாத்ரூம்தான் உயிர்போகிற வேலை. போர்வெல் தண்ணீர் உப்பு. குளிக்கும் இடத்துக் கண்ணாடித் தடுப்பில் ஒரே நாளில் வெள்ளை வெள்ளையாகப் படியும். குழாய் பூத்துப் போகும். கம்பெனி கொடுக்கும் நீல மருந்துக்கு அது அசையாது. கன்னியம்மா ஜூஸ் கவுன்டரிலிருந்து பிழிந்த எலுமிச்சை மூடிகளை ஒரு வாளியில் வாங்கி வைத்திருப்பார். அதைத் தேய்த்து, பழைய பேப்பரால் துடைப்பார். துடைத்த பிறகு அங்கே கண்ணாடி இருக்கிறதா என்று கையால் தொட்டுத்தான் பார்க்க வேண்டும்.

"கன்னிம்மா, நீங்க போனைத் தொடறதே இல்லையா?"

அவர் பாத்ரூமுக்குள்ளிருந்து இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார். முழங்கை வரை ரப்பர் கிளவுஸ், சொட்டச் சொட்டத் தண்ணீர். "எந்தக் கையால தொடணும் சொல்லு."

ரூம் முடிந்ததும் மேரி ஷவர் கேப்பைப் பிரித்து, ஒரு போனை எடுத்து, 'ஸ்டார்ட்' அழுத்தி, பத்து எண்ணி, 'ரெடி' அழுத்தினார். ஈரம் படாத கை அவருடையது.

"மத்தவங்க?"

மதியத்துக்கு மேல் லேட் செக்-அவுட் ரூம்களை ஆளுக்கொன்றாகப் பார்ப்பார்களாம். அப்போது அவரவர் போனில் அழுத்துவார்களாம். கன்னியம்மாவுக்கு அப்போதும் பாத்ரூம்தான். அதனால் அவர் பெயரில் ஒன்றுகூட இல்லை.

"சரி, இப்ப அழுத்துனீங்களே, அது யாரு லாகின்?"

மேரி ட்ராலியின் உள்பக்கம் ஒட்டியிருந்த ஒரு பிளாஸ்திரியைக் காட்டினார். பேனாவில் எழுதியிருந்தது. ரேவதியின் பெயர், பாஸ்வேர்டு. "நீங்கதான பத்து நிமிசத்துக்கு ஒருவாட்டி பாஸ்வேர்டு கேக்க வச்சிங்க? அதுல பெரிய எழுத்து வேணும், நம்பரு வேணும், இன்னாமோ சுழி வேணும்னீங்க. எங்க யாருக்கும் ஞாபகம் நிக்கல. ரேவதிதான் இத்த எழுதி ஒட்டுச்சு."

என் செக்யூரிட்டி பாலிசி அது. ஆடிட்டில் பாராட்டு வாங்கிய பாலிசி.

"ரேவதி எங்க?"

ஆறு பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து பேர்தான் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்க எனக்கு அவ்வளவு நேரம் ஆனது. டவல் எடுத்து வைத்துக்கொண்டிருந்த ஆளின் முதுகைப் பார்த்து ரேவதி என்று நினைத்தேன். அதுவும் மேரிதான், இரண்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ கல்யாணம் ஆயி கூடுவாஞ்சேரி போயிட்டாளே சார். தையிலியே!" என்றார் கன்னியம்மா. "உனக்குப் பத்திரிகை வச்சாளே. நீ வரல."

பத்திரிகை வைத்தது ஞாபகம் வந்தது. அதைக் கீபோர்டுக்குக் கீழே முட்டுக் கொடுத்து வைத்திருந்தேன்.

ரேவதி வேலையை விட்டது ஹெச்.ஆர். ரிஜிஸ்டரில் இருந்தது. எனக்கு யாரும் சொல்லவில்லை. பிறகு மேடத்திடம் கேட்டபோது, "ரிசைன்னு டைப் பண்ணிட்டேனே சார், உங்க கம்ப்யூட்டருக்கு அது தெரியாதா?" என்றார். ஆக, மூன்று மாதமாக ஊரிலேயே இல்லாத ஒரு பெண் எங்கள் ரிசார்ட்டில் தினமும் இருபத்தைந்து ரூம் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். மறுநாள் காலை அவளுக்கு ஷீல்டு. தினமும் இருபத்தெட்டு பாத்ரூம் கழுவிய மனுஷிக்கு வீட்டுக்குப் போகச் சொல்லி லெட்டர்.

4. பாதி வாய்

ஜி.எம்.மிடம் போனேன். போகும்போது எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன்.

எனக்கும் ஒரு விஷயம் இருந்தது, மறைப்பானேன். சேர்மனுக்கு மூன்று ரிசார்ட். மூன்றுக்கும் சேர்த்து ஒரு ஐ.டி. ஹெட் போடப் போவதாகவும், அது நான்தான் என்றும் பேச்சு. ரிட்டயர் ஆக ஒன்றரை வருஷம் இருக்கும்போது ஒரு மனுஷனுக்கு இந்த மாதிரி ஆசை வந்தால் தப்பா? ஹவுஸ்கீப்பிங்கில் எல்லோரும் ஆப் பயன்படுத்துகிறார்கள் என்று நான் கொடுத்த ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் அந்தப் பேச்சே வந்தது.

"சார், அந்த ஏ பிளாக் டேட்டால சின்ன டவுட்டு இருக்கு" என்றேன்.

"என்ன டவுட்டு?"

"அவங்க செட்டா வேலை பாக்கறாங்க. அதனால தனித்தனி நம்பர் கரெக்டா இருக்காது."

ஜி.எம். நாற்காலியைத் திருப்பினார். "டேட்டா பொய் சொல்லாதுன்னு உங்க ப்ரசென்டேஷன்ல முதல் ஸ்லைடு. நீங்க போட்டதுதானே?"

நான் போட்டதுதான். அனிமேஷனோடு.

"சாயந்தரமே சேர்மன் வர்றார். ஃபங்ஷன் முடியட்டும். அப்புறம் உங்க டவுட்டைப் பாத்துக்கலாம்."

ரேவதி மூன்று மாதமாக இல்லை என்ற ஒரு வரியை அப்போது சொல்லியிருந்தால் போதும். "சரி சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். என்னை நானே காறித் துப்பிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அதற்குப் பதிலாகக் கேன்டீனில் ஒரு டீ வாங்கிக் குடித்தேன்.

சட்ராஸ் பஸ்ஸுக்காக கேட் பக்கத்தில் கன்னியம்மா நின்றிருந்தார்.

"சொன்னியா சார்?"

"சொன்னேன்."

"இன்னா சொன்னாரு?"

"பாக்கலாம்னாரு."

என் முகத்தைப் பார்த்தார். "நீ சொல்லல" என்றார். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

5. ஷீல்டு

மறுநாள் காலை ஒன்பதரைக்கு லானில் நாற்காலி போட்டிருந்தார்கள். சேர்மன் முந்தின நாள் மாலையே வந்து ஏ பிளாக்கில் தங்கியிருந்தார். முன் வரிசையில் மேனேஜர்கள், பின்னால் ஃப்ரண்ட் ஆபீஸ், கிச்சன், கடைசியில் ஹவுஸ்கீப்பிங், தோட்டம், துலுக்காணம். கன்னியம்மா கடைசி வரிசை ஓரத்தில் யூனிஃபார்ம் சேலையில் உட்கார்ந்திருந்தார். கையில் அந்த லெட்டர் நாலாக மடித்து இருந்தது. எதற்கு எடுத்து வந்தார் என்று தெரியவில்லை.

ஜி.எம். மைக்கைப் பிடித்தார். உழைப்பு, டெக்னாலஜி, டிரான்ஸ்ஃபர்மேஷன் எல்லாம் வந்து போனது. "ஒரே ஆள், ஒரு மாசத்துல அறுநூறுக்கு மேல ரூம்! இப்படி ஒரு பர்ஃபார்மரை என் சர்வீஸ்ல நான் பார்த்ததில்ல. ரேவதி, ப்ளீஸ் கம்!"

பிரகாஷ் கை தட்டினான். வேறு யாரும் தட்டவில்லை.

"ரேவதி?"

காக்கா கத்துவது கேட்டது. செக்யூரிட்டிக்காரர் ஏதோ தன் டியூட்டி என்று நினைத்து, "ரேவதி எங்கிருந்தாலும் வரவும்" என்று குரல் கொடுத்தார்.

மேரி எழுந்தார். "சார், அவ கூடுவாஞ்சேரில கீறா சார்."

"லீவா?"

"கல்யாணம் ஆயி போயிட்டா சார். மூணு மாசமாவுது."

சேர்மன் தன் போனை எடுத்துப் பார்த்தார். "நேத்துகூட இருபத்தாறு ரூம் பண்ணியிருக்காங்களே?"

பின்னாலிருந்து துலுக்காணம், "கூடுவாஞ்சேரிலேந்தே பண்ணிகினு கீது போல சார், வொர்க் ஃப்ரம் ஹோம்!" என்றார்.

லான் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. பேஸ்ட்ரி மாஸ்டர் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். ஜி.எம். காது சிவந்துபோய் என் பக்கம் திரும்பினார்.

"ஐ.டி.! என்ன இது?"

என்னிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. ராத்திரி தூக்கமில்லாமல் தயார் செய்த பதில். 'ஹவுஸ்கீப்பிங் ஸ்டாஃப் வேறொருத்தர் பாஸ்வேர்டைத் தப்பாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள் சார்.' அதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. சொல்லியிருந்தால் நான் தப்பித்திருப்பேன், ஐந்து பேருக்கும் லெட்டர் போயிருக்கும். எழுந்து நின்றேன். கடைசி வரிசையைப் பார்த்தேன். சிரிப்பில் எல்லோரும் குலுங்கிக்கொண்டிருந்தார்கள். கன்னியம்மா மட்டும் சிரிக்கவில்லை. என்ன சொல்லப் போகிறான் இந்த ஆள் என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், தப்பு என்னுது" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. ஜி.எம். மைக்கை நீட்டினார். மைக்கில் இன்னொரு தடவை சொல்ல வேண்டியதாகிவிட்டது. அது ரொம்பக் கொடுமை.

"அந்தப் பொண்ணு போனது எனக்குத் தெரியாது. லாகினை நான் எடுக்கல. பாஸ்வேர்டை யாராலயும் ஞாபகம் வச்சுக்க முடியாதபடி வச்சது நான். இவங்க அஞ்சு பேரா சேந்து ஒரு ரூம் பண்றாங்க. நம்ம ஆப்புக்கு அஞ்சு பேர் சேந்து வேலை செய்யறது புரியாது. ஈரக் கை புரியாது. நேத்து வரைக்கும் எனக்கும் புரியல. லிஸ்டுல முதல் பேரும் பொய், கடைசிப் பேரும் பொய். ரெண்டையும் எடுத்துக் கொடுத்தது நான்தான்."

"கடைசிப் பேர் யாரு?" என்றார் சேர்மன்.

ஜி.எம். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த நிமிஷம் எங்கிருந்தோ எனக்கு ஒரு தைரியம் வந்தது.

"சார், காலைல நீங்க குளிச்ச ரூம்ல கண்ணாடி எப்படி இருந்துச்சு?"

"கண்ணாடியா? பளிச்சுன்னு இருந்துச்சு. மத்த ரெண்டு ரிசார்ட்லயும் இந்த வெள்ளைக் கறைக்கு நான் தினமும் சத்தம் போட்டுட்டிருக்கேன். இங்க மட்டும் எப்படின்னு கேக்கணும்னு இருந்தேன்."

"அதைத் துடைச்சவங்களுக்குத்தான் சார் பூஜ்ஜியம். வேலையை விட்டு நிறுத்தி லெட்டர் கொடுத்தாச்சு."

சேர்மன் ஜி.எம். பக்கம் திரும்பினார்.

கன்னியம்மா எழுந்தார். நாற்காலிகளுக்கு நடுவே நேராக நடந்து வந்தார். ஷீல்டு வைத்திருந்த மேஜை மேல், ஷீல்டுக்குப் பக்கத்தில், அந்த லெட்டரை வைத்தார்.

"இத்த நீயே வச்சிக்க சார்" என்றார் ஜி.எம்.மிடம். பிறகு திரும்பி, "பதினோரு மணிக்கு செக்-அவுட்டு. வாங்கடி" என்றார். ஐந்து பேரும் எழுந்து போய்விட்டார்கள். எலுமிச்சை மூடி வாங்கிக்கொண்டுதான் போனார்கள் என்று ஜூஸ் கவுன்டர்காரர் பிறகு சொன்னார்.

6. பிறகு

லெட்டரை வாபஸ் வாங்கினார்கள். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை, புது ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

ஜி.எம். இந்தச் சம்பவத்திலிருந்து கற்றுக்கொண்டது, இன்னும் நல்ல மெஷின் வேண்டும் என்பது. பாத்ரூமுக்கு பாத்ரூம் கைரேகை வைக்கலாம் என்றார். டெமோ மெஷின் வந்தது. கன்னியம்மா கிளவுஸைக் கழற்றிக் கட்டைவிரலை வைத்தார். மெஷின் 'மறுபடி முயற்சிக்கவும்' என்றது. பத்துத் தடவை சொன்னது. பதினோரு வருஷ பிளீச்சிங் பவுடரில் ரேகை இருந்த இடம் வழவழவென்று ஆகிவிட்டது. மெஷினைப் பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பினோம். எனக்கு அன்றைக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஆப் கம்பெனிக்காரர்கள், "உலகம் பூரா இப்படித்தான் சார், மாத்த முடியாது" என்றார்கள். நான் சிம்பிளாக ஒன்று செய்தேன். ஆறு பெயரையும் எடுத்துவிட்டு 'ஏ செட்டு' என்று ஒரே ஒரு ஆளை உண்டாக்கினேன். பாஸ்வேர்டு கேட்பது நாளுக்கு ஒரு தடவை. ஆறு போனில் ஐந்தைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு சேர்மன் போனில் ஏ பிளாக் எப்போதும் பச்சை. மூன்று ரிசார்ட்டுக்கும் ஐ.டி. ஹெட்டாக வேறொருவர் வந்தார். நல்ல பையன். முதல் ஸ்லைடில் 'டேட்டா பொய் சொல்லாது' என்று போட்டிருந்தான். அவனை ஏ பிளாக்குக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு மணி நேரம் நிற்க வைத்தேன்.

நான் சொல்ல வந்த பாடம் அவ்வளவுதான். கம்ப்யூட்டர் ஒன்றுதான். ஒருத்தருக்கு அது சாக்லேட் வைக்கும் இடம், ஒருத்தருக்குச் சாட்சி, ஒருத்தருக்குப் பச்சைக் கோடு, ஒருத்தருக்கு ஒட்டுக்கேட்கும் காது. அதில் யார் சொல்வதும் முட்டாள்தனம் இல்லை. அவரவர் நிற்கும் இடத்திலிருந்து அப்படித்தான் தெரியும். முட்டாள்தனம் என்பது மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, தனக்குத் தெரிவதுதான் சிஸ்டம் என்று நினைப்பது. அதை ஆறு மாதம் நான் செய்தேன், ஒரு மனுஷியின் சோற்றில் மண் விழப் பார்த்தது.

ரிட்டயர் ஆன அன்று மாலை, கேக் வெட்டி, சால்வை போட்டு எல்லாம் முடிந்த பிறகு, ஏ செட்டு ஆட்கள் சர்வர் ரூமுக்கு வந்தார்கள். எல்லோரும் ஈரக் காலுடன். ஒரு பழைய டவலில் எதையோ சுற்றி எடுத்து வந்திருந்தார்கள். பிரித்தால் அந்த ஷீல்டு. ரேவதிக்குச் செய்தது, வாங்க ஆளில்லாமல் பெட்ஷீட் அடுக்கும் லினன் ரூமில் கதவுக்கு முட்டுக் கொடுத்துக் கிடந்தது. எலுமிச்சை போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கியிருந்தார்கள். பின்பக்கம் ட்ராலியில் இருந்த அந்தப் பாஸ்வேர்டுப் பிளாஸ்திரியைக்கூடப் பிய்த்து ஒட்டியிருந்தார்கள்.

"இதுல ரேவதி பேரு இருக்கே" என்றேன்.

"இருந்தா இன்னா சார்?" என்றார் கன்னியம்மா. "அவளும் மூணு மாசம் இங்க ஒரு ரூமு செய்யல. நீ முப்பது வருசமா ஒரு ரூமு செய்யல. உனக்கு வேற யாரு குடுப்பா? வச்சிக்க."

எங்கள் வீட்டு டி.வி. மேல் அது இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாம் ரேவதி யார் என்று கேட்கிறார்கள். எங்கள் ஆபீசிலேயே நன்றாக வேலை செய்த ஆள் என்று சொல்லிவிடுகிறேன்.